பதினான்கு மணி நேரக் கணக்கு

அத்தியாயம் பதினொன்று

விழுப்புரத்திலிருந்து வந்த கடிதத்தைக் கமலா பேட்டரி ஸ்டாண்டுக்கு அடியில் ஒளித்து வைத்து இன்றோடு ஐந்து நாள். அந்த இடத்தில் வீட்டில் வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள். ஆசிட் தெறிக்கும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அவளுக்கும் இருந்தது. ஆனால் அவள் பயந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேறு ஆள் கிடையாது.

கடிதத்தில் நாலு வரிதான். அங்கே ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளர் வேலை. மாதம் நாலாயிரத்து ஐநூறு. தங்குவதற்குப் பெண்கள் விடுதியில் இடம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் வந்து சேர வேண்டும்.

இன்று ஞாயிறு.

போன வாரம் கார்த்திகை முகூர்த்த நாள் ஒன்றில், கரன்ட் போன நேரம் பார்த்து, புதுச்சேரி சாரத்தில் இருக்கும் அவர்கள் வீட்டின் பின்னறையில் இருந்த யு.பி.எஸ். பேட்டரி செத்துப் போனது. அதோடு சேர்ந்து இரண்டு கம்ப்யூட்டர்களும் நின்றன. அவற்றில் இருந்த கல்யாண வெப்சைட்டும் ஒன்றரை நாள் நின்றது. பிரான்சில் இருக்கும் புதுச்சேரிக் குடும்பங்கள் இங்கே பெண்ணும் மாப்பிள்ளையும் தேடுகிற வெப்சைட் அது. சந்தா கட்டியவர்கள் பாரீசிலிருந்து மெயில் எழுதித் திட்டினார்கள். மூன்று பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். தம்பி விஜயராகவன் ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசாமல் இருந்தான். கமலாவிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசினான். "தூங்கிட்டியாக்கா?" என்று கேட்டான்.

அவள் தூங்கவில்லை. டீசல் தீர்ந்த ஜெனரேட்டரின் பக்கத்தில், கேனைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள். அதைச் சொல்லவில்லை. சொல்லிப் பழக்கம் விட்டுப் போயிருந்தது.

அந்த வெப்சைட்டை 2003-ல் உட்கார்ந்து எழுதியவள் அவள்தான். ஊர் ஊராகப் போய் ஜாதகமும் போட்டோவும் வாங்கி வருவது, சந்தா வசூலிப்பது, போர்டில் புரொப்ரைட்டர் என்று பேர் போட்டுக்கொள்வது விஜயராகவனுடைய வேலை. ஆறு வருஷமாகப் பின்னறையில் அவள் கட்டில். வீட்டில் இருக்கும் ஒரே ஏ.சி. அந்த அறையில்தான். கம்ப்யூட்டருக்காக வைத்தது. கமலாவுக்கென்ன, ஏ.சி. ரூமில் படுத்துக்கொள்கிறாள் என்று உறவுக்காரர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவளுக்கு முப்பத்தேழு வயது.

பேட்டரி செத்த மறுநாள், அப்பா ஜானகிராமன் ஈஸிசேரில் உட்கார்ந்தபடி தீர்ப்பு சொன்னார். "கொட்டேஷன் வாங்குங்க. வெளியில வைக்கறதா, வீட்லயே வைக்கறதா, வெலைய பார்த்து முடிவு பண்ணலாம். மூணு கொட்டேஷன்."

ஜானகிராமன் மில்லில் இருபத்தெட்டு வருஷம் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவர். மில் படுத்துவிட்டது. அவருடைய ஸ்டோர் மட்டும் இந்த வீட்டுக்குள் இன்னும் நடந்துகொண்டிருந்தது. மோட்டார் வாங்கினாலும், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாலும் மூன்று கொட்டேஷன். ஒட்டிய கவர். எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போதுதான் பிரிக்க வேண்டும். செத்துப்போன அம்மாவின் கண் ஆபரேஷனுக்குக்கூட மூன்று ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கி வந்தார். கமலாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் மூன்று ஜாதகங்களைத்தான் ஒரே சமயத்தில் எடுத்தார். மூன்றும் தட்டிப் போயின. அதற்கு மட்டும் மறு கொட்டேஷன் கேட்கப்படவில்லை.

வெளியில் வைப்பதென்றால் கிளவுட், அதாவது வெப்சைட்டை வேறொரு கம்பெனியின் மிஷினில் வாடகைக்கு வைப்பது. அந்த வார்த்தை அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்தது. கமலா நாலு நாள் உட்கார்ந்து தேடினாள். சென்னையில் ஒரு கம்பெனி, பம்பாயில் ஒன்று, அமெரிக்காவில் ஒன்று. கடைசியாக நம் வீடு. எல்லோரும் ஒரே மாதிரி விலை சொன்னால் தேவலை. சென்னைக்காரன் மாதத்துக்கு இவ்வளவு என்றான். பம்பாய்க்காரன் கொஞ்சம் குறைத்துச் சொன்னான், ஆனால் ஒரு வருஷத்துப் பணத்தை முதலிலேயே கட்டச் சொன்னான். அமெரிக்காக்காரன் மணிக் கணக்கில் போட்டான், அதுவும் சென்ட்டில். அதற்கு மேல், போட்டோக்களை யாராவது திறந்து பார்த்தால் வெளியே போகிற ஒவ்வொரு ஜி.பி.க்கும் தனி விலை. எல்லாவற்றையும் ரூபாயாக்கி, மாதமாக்கி, ஒரு தாளில் பக்கம் பக்கமாக நிறுத்த வேண்டியிருந்தது.

வந்ததெல்லாம் மெயில்தான். ஆனாலும் அப்பாவுக்குக் கவர் வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் கமலா ஒவ்வொன்றையும் பிரிண்ட் எடுத்து, தனித்தனிக் கவரில் போட்டு, கோந்து தடவி ஒட்டினாள். அவர் வந்து, ஒட்டிய வாயின் மேல் குறுக்காகக் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் போட்டார்.

வீட்டுக்கான நாலாவது கவருக்குத் தாள் எழுதும்போது அவள் வெகுநேரம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்டர்நெட் லைன். கரன்ட். பேட்டரித் தேய்மானம். டீசல். நாலும் சேர்த்து மூவாயிரத்து இருநூறு. அதோடு விட்டால், வீடுதான் மலிவு. வீடு மலிவென்றால் அடுத்த ஆறு வருஷமும் அவள் பின்னறையில்தான். கிளவுட் மலிவென்று வந்தால், பேட்டரி இல்லை, ஜெனரேட்டர் இல்லை, அதைக் காவல் காக்க ஆள் வேண்டியதில்லை. திங்கட்கிழமை அவள் பஸ் ஏறலாம். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்தாவதாக ஒரு வரி எழுதினாள். ஆள் சம்பளம், மூவாயிரத்து ஐநூறு.

எழுதியது பொய்யில்லை. ராத்திரியும் பகலும் மிஷினைப் பார்த்துக்கொள்ள வெளியிலிருந்து ஒருவரை வைத்தால் அதற்கும் மேலே கேட்பார்கள். தன் பெயரை எழுதவில்லை. ஆள் என்று மட்டும் போட்டாள். கவரை ஒட்டும்போது, யாரையோ ஏமாற்றுகிற மாதிரி இருந்தது.

காலை பத்து மணிக்குக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். விஜயராகவன் குளித்துவிட்டு, நெற்றியில் விபூதியோடு வந்தான். அவன் மனைவி துர்கா அடுப்படி வாசலில், பாதி உள்ளே பாதி வெளியே நின்றாள். அப்பா நகவெட்டியால் கவரின் வாயைக் கிழித்தார்.

"மொத கவரு. சென்னை. மாசம் நாலாயிரத்து எரநூறு."

கமலா நோட்டில் எழுதினாள்.

"ரெண்டாவது. பம்பாய். மூவாயிரத்து தொள்ளாயிரம். வருஷப் பணம் முன்கூட்டி." அவர் உதட்டைப் பிதுக்கினார். சரக்கு வருவதற்கு முன்னால் முழுப் பணம் கேட்கிறவனை அவர் வாழ்நாளில் உள்ளே விட்டதில்லை.

மூன்றாவது கவரைப் பிரித்தார். மணிக்குப் பத்து சென்ட் என்பதை இரண்டு முறை படித்தார். மிஷின் எங்கே இருக்கும் என்று கேட்டார். அமெரிக்காவில் எங்கேயோ என்றாள் கமலா. எந்த ஊர் என்றார். அதைச் சொல்ல மாட்டார்கள் என்றாள். எங்கே இருக்கிறதென்று தெரியாத மிஷினுக்கு வாடகையா என்று அவர் விஜயராகவனைப் பார்த்தார். அவன் அக்காவைப் பார்த்தான்.

"வாடக சைக்கிள் மாதிரிப்பா," என்றாள் கமலா. "மணிக்கு இவ்ளோன்னு எடுக்கறோம். கார்டுல புடிக்கற கமிஷனோட டாலருக்கு நாப்பத்தெட்டு ரூபா வெச்சிருக்கேன். இருவத்திநாலு மணி நேரத்துக்கு, போட்டோ செலவும் சேர்த்து, மாசம் மூவாயிரத்து எழுநூத்தி எம்பத்திரெண்டு."

வாடகை சைக்கிள் அவருக்குப் புரிந்தது. தலையை ஆட்டி எழுதச் சொன்னார்.

நாலாவது கவர் நம்முடையது. லைன், கரன்ட், பேட்டரி, டீசல் என்று படித்துக்கொண்டே வந்தவர் ஐந்தாவது வரியில் நின்றார். கண்ணாடியை மேலே தள்ளினார். தாளை விஜயராகவனிடம் நீட்டினார்.

"இன்னாக்கா இது? ஆள் சம்பளம்? எந்த ஆளு?"

"மிஷினைப் பாத்துக்கற ஆளு."

"அது நீதான?"

"ஆமா."

அவன் சிரித்தான். குத்தலான சிரிப்பில்லை. அவனுக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்தது. அதைத்தான் கமலாவால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் ஒரு பதில் இருந்திருக்கும்.

"நம்ம வீட்டு வேலைக்கு நீயே சம்பளம் போட்டுக்கறியா? அப்போ சமையலுக்குத் துர்காவும் எழுதுவா."

"எழுதினா குடுப்பீங்களா?" என்றாள் துர்கா வாசலிலிருந்து. அவன் அதற்கும் சிரித்தான்.

அப்பா சிரிக்கவில்லை. அவருக்கு இது விதி சம்பந்தப்பட்ட விஷயம். நிதானமாக விளக்கினார். மில்லில் பஞ்சு வாங்கும்போது ஸ்டோர் ஆட்களின் சம்பளத்தைப் பஞ்சு விலையில் ஏற்ற மாட்டார்கள். அது வேறு தலைப்பு. வேறு தலைப்பில் வருவதை இதில் கொண்டுவந்து போட்டால் ஒப்பீடு கெட்டுவிடும். அப்படியானால் அந்த வேறு தலைப்பு எந்த நோட்டில் இருக்கிறது என்று கமலா கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. அவர் ஸ்கேலை வைத்துச் சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்தார். ஓரத்தில் தன் இனிஷியலைப் போட்டார். பிறகு பேனாவை அவளிடம் நீட்டினார்.

"அடிச்ச எடத்துல நீயும் ஒரு இனிஷியல் போடும்மா. நீதான தயார் பண்ணது."

போட்டாள்.

"மூவாயிரத்து எரநூறு. வீடுதான் கம்மி," என்று அப்பா அறிவித்தார். தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போனாள். துர்கா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். கமலா நோட்டை மூடினாள். பேட்டரி ஸ்டாண்டும் அதன் அடியில் கிடக்கும் உறையும் அவள் கண் முன்னால் வந்து நின்றன. விழுப்புரத்தில் இன்னொருத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். பத்து மணி தாண்டினால் பெயரை அடித்துவிடுவார்கள். அங்கேயும் யாராவது சிவப்புப் பேனா வைத்திருப்பார்கள்.

ஆனால் விஜயராகவனுக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. வீடுதான் என்றால் உடனே புது பேட்டரி வாங்க வேண்டும். பதினாலாயிரம். அவன் அதைச் சொல்லி முனகினான். அப்பா மூன்றாவது கவரை மறுபடி கையில் எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தார்.

"கமலா, வாடக சைக்கிள்னு சொன்னியே. திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டா அதுக்கப்பறம் வாடக ஏறாது இல்ல?"

"ஏறாது."

"அப்போ எதுக்கு இருவத்திநாலு மணி நேரம்? ராத்திரியில கடைய தொறந்து வெச்சிக்கினு யாருக்காகக் காத்திருக்கணும்? காலையில எட்டு மணிக்குத் தொற. ராத்திரி பத்து மணிக்குச் சாத்து. பதினாலு மணி நேரம்."

விஜயராகவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கால்குலேட்டரைத் தட்டினான். போட்டோ செலவோடு இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்திரண்டு வந்தது. வீட்டை விட எண்ணூற்று ஐம்பத்தெட்டு குறைவு. இன்னொரு தடவை தட்டிப் பார்த்தான். அதேதான் வந்தது.

பிறகு அவனுக்கே ஒரு சந்தேகம் வந்தது. பாரீசுக்கும் நமக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். நமக்கு ராத்திரி பத்து என்றால் அங்கே சாயங்காலம் ஐந்தரை. கொஞ்ச நேரம் விரலை மடக்கிக்கொண்டிருந்தவன், சரியாகத்தான் இருக்கிறது என்று முடிவு செய்தான். அவன் முன்பு மூன்று வருஷம் ஒரு அரசாங்க ஆபீசில் தினக்கூலி கிளார்க்காக இருந்தவன். அங்கே எல்லோரும் பொண்ணு மாப்பிள்ளை பார்த்ததே ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான்.

"ஆபீஸ்ல ஓசி நெட்டு இருக்கறப்போ வீட்டுக்கு வந்து எவன் பார்ப்பான்? அஞ்சரைக்கு ஆபீஸ் விட்டுடுவான். அதோட அவன் வேல முடிஞ்சிது. இல்லக்கா?"

கமலா வாயைத் திறந்தாள்.

அவளுக்குத் தெரியும். இந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். யார் எப்போது வெப்சைட்டுக்குள் வருகிறார்கள் என்று திரையில் ஓடும் வரிகளை ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவள் அவள். பகலில் அந்தத் திரை செத்துக் கிடக்கும். எப்போதாவது கடலூரிலிருந்தோ, பக்கத்தில் இருக்கும் கதிர்காமத்திலிருந்தோ ஒருவர் வருவார். இங்கே பன்னிரண்டரை அடித்த பிறகுதான் உயிர் வரும். அங்கே ராத்திரிச் சாப்பாடு முடிந்து, புருஷனும் பெண்டாட்டியுமாக நாற்காலி இழுத்துப் போட்டு உட்காருகிற நேரம். மூன்று மணி வரை வரிகள் விடாமல் ஓடும். எட்டு மாதமாக ஒரு ஆள் தினமும் ஒரு மணிக்கு வந்து, ஒரே பெண்ணின் போட்டோவைத் திறந்து பார்த்துவிட்டு, எதுவும் எழுதாமல் போய்விடுகிறான். பத்து மணிக்குச் சாத்தினால் கடையே இல்லை. ஒரு மாதத்தில் சந்தாக்காரர்கள் போய்விடுவார்கள்.

அப்பாவின் மடியில் அந்தத் தாள் கிடந்தது. சிவப்புக் கோடு கூடத்தின் இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது.

"இருக்கலாம்," என்றாள்.

அமெரிக்கக் கம்பெனிக்கு முடிவாயிற்று. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அடுப்படியில் துர்கா சங்கரா மீனின் செதிளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கமலா புளி கரைக்க உட்கார்ந்தாள். கத்தியின் சத்தம் மட்டும் கேட்டது.

"எங்க அக்காவும் பாரீஸ்லதான் இருக்குது அண்ணி," என்றாள் துர்கா, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல். "அங்க பகல்ல இதெல்லாம் பார்க்க எவளுக்கு நேரம்? ராத்திரி சாப்ட்டு, ஏனமெல்லாம் கழுவி வெச்சிட்டுத்தான் கம்ப்யூட்டர தொறக்கும். எங்கக்காவே அப்பிடித்தான் நம்ம வெப்சைட்ட பார்க்கும்."

"தெரியும்."

கத்தி நின்றது. பிறகு மறுபடி சுரண்டத் தொடங்கியது. ஏன் சொல்லவில்லை என்று துர்கா கேட்கவில்லை. தான் சொல்லப்போவதில்லை என்றாள். தன் பேச்சை இந்த வீட்டில் யார் கேட்டார்கள், இன்றைக்குக் கேட்பதற்கு. அதைக் கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"நீங்க எங்கியோ போறீங்க. இல்ல?"

கமலாவின் கை புளியிலேயே நின்றது. யார் சொன்னது என்று கேட்டாள்.

"யாரும் சொல்லல. நாலஞ்சு நாளா மாமாவுக்கு எந்த மாத்திர எப்போன்னு எனக்குப் பாடம் எடுக்கறீங்க. கேஸ் புக்கு எங்க இருக்குதுன்னு காமிக்கறீங்க. இருக்கப் போறவங்க இதையெல்லாம் சொல்லித் தர மாட்டாங்க."

துர்கா மீனைத் தண்ணீரில் அலசினாள். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை.

"நீங்க போனீங்கன்னா எல்லாம் என் தலையிலதான் விழும்," என்றாள் கடைசியில். "அத நெனச்சா போகாதீங்கன்னுதான் சொல்லத் தோணுது. சொல்ல மாட்டேன். ஆனா போங்கன்னும் என் வாயால சொல்ல முடியாது அண்ணி."

இந்த வீட்டில் அன்று பேசப்பட்ட நேர்மையான வார்த்தை அது ஒன்றுதான் என்று கமலாவுக்குத் தோன்றியது. குழம்பு கொதித்தது. மூன்று பேருக்கும் பரிமாறிவிட்டு அவளும் சாப்பிட்டாள். மீன் ருசியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

மூன்று மணிக்கு விஜயராகவன் கிரெடிட் கார்டு நம்பரைக் கொடுத்து வேலையை முடித்துவிட்டு வந்தான். அவன் முகத்தில் ஒரு வாரமாக இல்லாத தெளிவு இருந்தது. அப்பா ஈஸிசேரில் உட்கார்ந்து, பழைய நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். தேதி ஒரு பக்கம். திறந்த நேரம், சாத்திய நேரம். கடைசியில் இனிஷியலுக்கு ஒரு கட்டம்.

"அக்கா, நாளையிலேர்ந்து காலையில எட்டு மணிக்கு நீ ஆன் பண்ணிடு. ராத்திரி பத்து மணிக்கு ஆஃப் பண்ணிட்டு இதுல குறிச்சிடு. ஒரு நிமிஷம் லேட்டானாலும் அடுத்த மணி நேரத்துக்கு காசு ஏறிடும். அத மட்டும் பாத்துக்கோ. மத்தபடி இனிமே நீ நிம்மதியா தூங்கலாம்."

அவன் அதை ஒரு பரிசு போலச் சொன்னான்.

கமலா அந்தக் கட்டங்களைப் பார்த்தாள். மாதம் முழுவதற்கும் போட்டிருந்தார். காலையில் வாயை மூடிக்கொண்டு அவள் வாங்கியது இதைத்தான். மிஷின் இல்லாமல் போகும். அவள் போக முடியாது. எட்டுக்கும் பத்துக்கும் அவளைக் கட்டிப் போட்டிருந்தார்கள். நாலு வரி புரோகிராம் எழுதிவிட்டால் அது தானாகவே திறந்து தானாகவே சாத்திக்கொள்ளும் என்று சொல்லலாம். சொன்னால், அந்த நாலு வரியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பார்கள். இந்த வீட்டில் எந்த விலை குறைந்தாலும், குறைந்த இடத்தில் நிற்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆளுக்கு மட்டும் விலை கிடையாது.

"பத்து மணிக்குச் சாத்தாத," என்றாள்.

"ஏன்?"

"அவங்க பகல்ல வரது கெடையாது. நமக்கு ராத்திரி பன்னெண்டரையிலேர்ந்து மூணு வரைக்கும்தான் வராங்க. பத்து மணிக்குச் சாத்தினா உனக்குக் கடை கெடையாது. இருவத்திநாலு மணி நேரமும் ஓடணும்."

விஜயராகவன் அவளையே பார்த்தான். அவனுக்குக் கணக்குப் புரிய ஒரு நொடியும், மற்றது புரிய இன்னும் கொஞ்ச நேரமும் ஆனது.

"காலையிலயே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லலியா?"

"நான் எழுதனத அடிச்சீங்க. மீதியையும் எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

அப்பா பேனாவை மூடினார். நாற்பது வருஷமாகக் கவர் பிரிக்கிற மனிதர். சப்ளையரோ, கிளார்க்கோ, தெரிந்த விஷயத்தை மறைத்து ஒப்பீட்டில் கையெழுத்துப் போட்டால் அதற்கு மேல் அவர் அகராதியில் குற்றம் கிடையாது. "பொய் கணக்குல என்னையும் கையெழுத்துப் போட வெச்சிட்ட," என்றார்.

கமலா பின்னறைக்குப் போய்த் திரும்பி வந்தாள். கையில் அந்த உறை இருந்தது. ஓரத்தில் ஆசிட் பட்டு ஒரு மூலை அரித்திருந்தது. அதைத் தம்பியிடம் கொடுக்கவில்லை, அப்பாவிடமும் கொடுக்கவில்லை. கட்டம் போட்ட நோட்டின் மேல் வைத்தாள்.

"நாளைக்கு விழுப்புரம் போறேன். வேல கெடச்சிருக்குது. அங்கியே தங்கிக்குவேன்."

துர்கா அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள். விஜயராகவன்தான் முதலில் பேசினான்.

"எவ்ளோ குடுக்கறாங்க?"

ஏன் போகிறாய் என்று கேட்பான் என்று அவள் நினைத்திருந்தாள். கோபித்துக்கொள்வான் என்றும் நினைத்திருந்தாள். எப்போது திரும்பி வருவாய் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அழுதுவிடுவோமோ என்று பயந்துகூட இருந்தாள். பயந்ததற்கு அவசியம் இருக்கவில்லை.

"நாலாயிரத்து ஐநூறு."

"அதுக்கா?"

"அதுக்குத்தான்."

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். பைக் கிளம்பும் சத்தம் தெரு முனை வரை கேட்டு ஓய்ந்தது. கமலா அப்பாவின் பக்கம் திரும்பினாள். வேலையில் சேரும்போது டிகிரி ஒரிஜினலைக் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். அது இல்லாமல் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம். வீட்டில் எல்லோருடைய சர்டிபிகேட்டுகளும் அவருடைய பீரோவில்தான் இருந்தன.

"பீரோ சாவி வேணும்பா."

ஜானகிராமன் உறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"சாவி எங்கியோ வெச்சிட்டேன். ரெண்டு நாளா காணோம்."

காலையில்தான் அவர் பீரோவைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். துர்கா உள்ளே போனாள். கமலா எதிரில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விழுப்புரத்துக்குக் காலை ஏழு மணிக்குப் பஸ். அதுவரைக்கும் நேரம் இருந்தது. அவள் மறுபடி கேட்கவில்லை. அவரும் அவளைப் பார்க்கவில்லை.

துர்கா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அது ஆறியது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. சாயங்காலம் நடக்கப் போகிறவர் போகவில்லை. கை கால் கழுவவில்லை. விளக்கு வைத்த பிறகும் ஜானகிராமன் ஈஸிசேரை விட்டு எழுந்திருக்கவில்லை.

எழுந்தால், இடுப்பில் இருக்கும் சாவிக்கொத்து சத்தம் போடும்.